தீவுக்குப் போன சுமைதாங்கி

தம்பி,

இதை எழுத உட்காருவதற்கு முன் உன் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. இத்தாலிக்கு ஷூ மெஷின் பழகப் போகிறவனுக்கு எதற்கு இவ்வளவு வேர்க்கடலை என்று உன் அத்தையிடம் கேட்டேன். "அங்க இன்னா கெடைக்குமோ இன்னா கெடைக்காதோ, புள்ள எளச்சிப் போய்ட்டா நீயா பாப்பே?" என்று என் வாயை அடைத்துவிட்டாள். ஊறுகாய் பாட்டிலை எடுத்துவிடச் சொன்னாய், எடுத்தாள். நீ குளிக்கப் போனதும் திரும்ப உள்ளே வைத்தாள். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டாதே, எனக்கு இதில் பங்கு கிடையாது. நாளைக்கு ஆம்பூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் இந்தப் பெட்டியை ஏற்றுவேனா, உன் முகத்தைப் பார்ப்பேனா, பேசுவேனா? அதனால்தான் எழுதுகிறேன். விமானம் கிளம்பிய பிறகு படி. முன்னாலேயே படித்தால் கேள்வி கேட்பாய், எனக்குப் பதில் சொல்ல வராது.

கம்பெனியில் உன்னை இத்தாலிக்குத் தேர்ந்தெடுத்த சேதி வந்ததும் நான் உன்னோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். ஊரெல்லாம் கை கொடுத்துவிட்டுப் போகிறது, பெற்றவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று உனக்குக் கோபம். நியாயமான கோபம்தான். உன்னைப் போக விடுவதா வேண்டாமா என்று எனக்குள்ளே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அது எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். கூடவே உன்னிடம் ஒன்று கேட்கவும் போகிறேன். பயிற்சி முடிந்ததும் நேரே ஊர் திரும்பாதே. கிரேக்க நாட்டைச் சேர்ந்த ஒரு தீவுக்குப் போய்விட்டு வா. இத்தாலியிலிருந்து கப்பல் மாறிப் போகலாமாம். பெயரும் வழியும் தனித்தாளில் எழுதி உன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன். அந்தத் தீவின் துறைமுகத்தில் ஒரு கல் இருக்கிறது. நம் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேனே, மீன்கூடை வைத்த கல், அதுதான். "சாமி படம் மாட்டற எடத்துல எதுக்குப்பா மீன்கூடை?" என்று நீ ஒரு தரம் கேட்டாய். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன்.

அந்தப் படத்தைக் கொடுத்தவரை உனக்குத் தெரியும். எமர்ஜென்சி முடிந்த சமயத்தில் எங்கள் தோல் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பெரியவர் நிசிம். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, தகர டப்பாவில் மிட்டாய் கொண்டுவந்து தருவாரே, அவரேதான். நான் ஷிப்பிங் கிளார்க். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் அவர் வந்தால் போனால் என்னைத்தான் கூடவே அனுப்புவார்கள். தோல் வாங்க வரும் பையர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தோலைத் தரையில் விசிறிப் போடுவார்கள், "ரிஜெக்ட்" என்று கத்துவார்கள், மேஸ்திரி முகம் செத்துப்போகும். நிசிம் ஒரு தோலில் குறை கண்டால் அதை மெதுவாக மேஸ்திரி பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். மேஸ்திரியே அதை எடுத்து ஓரமாகப் போடுவார். ஆட்களோடு சேர்ந்து தமிழிலேயே எண்ணப் பழகிக்கொண்டார். எழுபத்தொன்பது வந்ததும் வேண்டுமென்றே "எழுபத்திப் பத்து, எழுபத்திப் பதினொண்ணு" என்று போவார். அந்தக் கட்டம் எப்போது வரும் என்று ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். எங்கள் முதலாளி வீட்டு பிரியாணியை மட்டும் அவர் தொடவில்லை. கறியும் தயிரும் ஒன்றாகச் சேரக் கூடாதாம் அவர்களுக்கு. முதலாளி சாயபுக்கு முதலில் முகம் சுண்டிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும், "நம்மள மாதிரி அவங்களுக்கும் ஒரு கணக்கு இருக்குதுப்பா" என்று சொல்லி, மறுநாளிலிருந்து அவருக்கென்று முட்டையும் பழமும் தன் கையாலேயே எடுத்து வைத்தார். யூதர் என்றால் யார் என்று நான் தெரிந்துகொண்டது அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான். தொப்பியால் விசிறிக்கொண்டே தன் தீவைப் பற்றிச் சொன்னார். துறைமுகத்தை ஒட்டி அவர்களுடைய தெருக்கள். பல தலைமுறைக்கு முன் ஸ்பெயின் தேசத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜனங்கள், வீட்டுக்குள் அந்தப் பழைய ஸ்பானிஷ்தான் பேசுவார்களாம். இவர் மீசை முளைக்கும் வயதிலேயே ஆப்பிரிக்காவில் இருந்த மாமாவிடம் தோல் வியாபாரம் பழகப் போய்விட்டார். அதனால் தப்பினார். யுத்தத்தின்போது ஜெர்மன்காரர்கள் தீவைப் பிடித்தார்கள். ஒரு கோடைக்காலத்தில் அந்தத் தெருக்காரர்கள் எல்லோரையும், கிழவர்கள் முதல் கைக்குழந்தைகள் வரை, துறைமுகத்துக்கு வரவழைத்துப் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சாகடிக்கத்தான் கொண்டுபோனார்கள். அப்பா, அம்மா, அண்ணன்மார், ஒரே தங்கை எல்லோரும் அதில் போனார்கள். தங்கைக்கு அப்போது ஏழாவது மாதம். உயிரோடு திரும்பிய ஒன்றிரண்டு பேரில் ஒருத்தி இவரிடம் சொன்னாளாம், படகு வரும்வரை தங்கை கையில் மூட்டையோடு வெயிலிலேயே நின்றாள், கீழே வைக்க விடவில்லை என்று. இதைச் சொல்லும்போது அவர் விசிறுவதை நிறுத்திவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்தத் துறைமுகத்திலேயே ஒரு நினைவுச் சின்னம் வைத்துக்கொள்ள ஊர் நிர்வாகம் இடம் கொடுத்திருந்தது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த அந்த ஊர் ஜனங்கள், வயதில் மூத்தவர் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பொறுப்பை இவர் தலையில் வைத்துவிட்டார்கள். சொன்னார்களே தவிர, ஒருவர் உயரமான தூண் வேண்டும் என்கிறார், இன்னொருவர் பளிங்குக் கல் வைத்து, சுற்றிலும் பூச்செடி நட்டு, இரும்புச் சங்கிலி கட்ட வேண்டும் என்கிறார். இவருக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. "தீவில் இப்போது எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. நான் எதைக் கட்டினாலும் கொஞ்ச நாளில் அது வெறும் கல். யார் அதன் கிட்டே வரப் போகிறார்கள்? ஒரு முறை துடைத்து எடுக்கப்பட்டவர்களை நானே இன்னொரு முறை மறக்கடிக்கப் போகிறேன்" என்றார். அந்த மனுஷனுக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு இல்லை. தோல் வியாபாரமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இனி நம் கதைக்கு வருகிறேன். உன் அம்மா எப்படிப் போனாள் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகும் நேரம். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் தாத்தா வீட்டில் இருந்தாள். வலி கண்டு வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டு வரும்போது, வழியிலேயே, வயிற்றில் பிள்ளையோடு போய்விட்டாள். நான் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன், சேதி வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. வண்டி நின்ற அந்த இடத்தில் உன் தாத்தா சுமைதாங்கி நட்டார். "இந்தக் காலத்துல யாரு மாமா கல்லு நடறாங்க?" என்று கேட்டேன். அவர் மலையடிவாரத்திலிருந்து தன் வண்டியிலேயே கல்லைக் கொண்டுவந்தார். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல், ஆள் தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி வைக்கலாம், தாங்களே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். நான் அந்தச் சடங்குக்குப் போய் நிற்கவில்லை. மறுநாள் தாத்தா வீட்டிலிருந்து உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆம்பூருக்குக் கிளம்பி வந்தேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அந்தக் கல் வந்ததும் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அப்படியேதான்.

தோல் பதனிட ஆவாரம்பட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் நிசிம். ஆலங்காயம் போனோம். திரும்பும்போது டிரைவர் காதர் பாய், "ரேடியேட்டர் கொதிக்குது சார், தண்ணி ஊத்திட்டுப் போய்டலாம்" என்று வண்டியை நிறுத்தினார். எந்த இடத்தில் நிறுத்தினார் தெரியுமா? உலகத்தில் வேறு இடமே அவருக்குக் கிடைக்கவில்லை. காட்டுப் பக்கமிருந்து விறகுக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். கல்லருகே வந்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தலையைச் சாய்த்தாள். கட்டு நழுவிப் பலகைக் கல்லில் உட்கார்ந்துகொண்டது. கழுத்தைத் துடைத்து, நாலு மூச்சு விட்டு, கட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெரியவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். "இதை யார் கட்டியது, பஞ்சாயத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி முடித்திருப்பேன். அதற்குள் ஜீப்பைப் பார்த்துவிட்டு உன் தாத்தா தன் கொல்லி நிலத்திலிருந்து ஏறி வந்தார்.

"இன்னா மாப்ள, இந்தப் பக்கம்?" என்றவர், விருந்தாளி கல்லையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். "எம் பொண்ணு கல்லு சார் இது. வயித்துல பாரத்தோட போய்ட்டா. எறக்கி வெக்க அவளுக்குக் குடுத்து வெக்கல. போறவங்க வர்றவங்களாவது எறக்கி வெக்கட்டும்."

இதை நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கப்பல், சரக்கு, தேதி, பெட்டி எண் இவ்வளவுதான் என் இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு உன் அம்மாவின் சாவை ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொன்னேன். "இவருடைய மகள்" என்று ஆரம்பித்தேன். "யார் அது, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "என் மனைவி" என்றேன். அத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் நின்று நான் அழுதது அன்றைக்குத்தான். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றார். 

வாணியம்பாடிக்கு வந்ததும் பெரிய சாமந்தி மாலையாக ஒன்று வாங்கினார். வண்டியைத் திருப்பச் சொன்னார். மாலையைக் கல்லுக்குச் சாத்தி, கும்பிடுவதுபோலக் குனிந்து நின்றார். அங்கேதான் வினை ஆரம்பித்தது. நம் ஜனங்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? வெள்ளைக்காரனே தேடி வந்து மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறான் என்றால் சும்மாவா? முதலில் மஞ்சள் வந்தது, பிறகு குங்குமம், பிறகு சிவப்புத் துணி. அடுத்த தரம் நான் பஸ்ஸில் போகும்போது ஒரு சூலம் நட்டு, மூங்கில் வேலியும் கட்டியிருந்தார்கள். சுமைதாங்கி அம்மன்! உன் தாத்தா கண் கலங்க, "எம் பொண்ணு சாமியாய்ட்டா மாப்ள" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.

மறு வருஷம் நிசிம் வந்ததும் முதலில் அந்தக் கல்லைத்தான் பார்க்க வேண்டும் என்றார். போனோம். வேலிக்கு வெளியே விறகுக்கட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "அண்ணே, கொஞ்சம் கை குடுண்ணே, முடியல" என்று காதர் பாயைக் கூப்பிட்டாள். அவரும் நானும் ஓடிப் போய் இறக்கினோம். "ஏன் இவள் கல்லில் இறக்கவில்லை?" என்று கேட்டார் பெரியவர். அது இப்போது சாமி, சாமி மேல் விறகு வைக்க மாட்டார்கள் என்றேன். "யார் சாமியாக்கியது?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, "நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டேன். பையரிடம் அப்படிப் பேசினால் வேலை போய்விடும் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவர் அந்தக் குங்குமத்தையும் மாலைகளையும் பார்த்தார். பிறகு கீழே கிடந்த விறகுக்கட்டைக் குனிந்து பிடித்தார். அவரால் அசைக்க முடியவில்லை. காதர் பாய் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வேலியருகே வந்ததும், கும்பிட வந்து சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். "அம்மா மேல வெறகு வெப்பியா? கண்ணு அவிஞ்சி பூடும்!"

 அடி விழுந்தால் யார் தடுப்பது? அப்போது உன் தாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார். கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய பெரியவரைப் பார்த்தார். "எம் பொண்ணுக்கு பாரம் எறக்கறதுதான்டா பூசை, பூவு இன்னாத்துக்கு? வெலகுங்கடா!" என்று கத்தினார். மூங்கிலைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். நான் ஓடிப்போய் மறுபக்கத்து மூங்கிலைப் பிடுங்கினேன். அந்தக் கல்லுக்கு அவ்வளவு கிட்டத்தில் நான் போனது அப்போதுதான். நாங்கள் நாலு பேருமாகக் கட்டைத் தூக்கி மேலே வைத்தோம். மாலை நசுங்கியது. பெரியவர் சட்டையெல்லாம் குங்குமம். பெற்றவனே செய்யும்போது யார் என்ன பேச முடியும்? முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள். அந்தப் பெண் மட்டும் கல்லை ஒரு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கட்டை ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

ஜீப்பில் வரும்போது பெரியவர் தன் பையிலிருந்து தீவுச் சின்னத்தின் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். தூண், பூச்செடி, சுற்றிலும் சங்கிலி. "இந்தச் சங்கிலியை உங்கள் மாமனார் இன்றைக்குப் பிடுங்கிப் போட்டுவிட்டார்" என்றார். தூணுக்குப் பதிலாகத் தீவிலும் ஒரு சுமைதாங்கியே நடுவது என்று முடிவு செய்தார். சாதாரணமாக முடியவில்லை தம்பி அந்த வேலை. அவருடைய ஜனங்களே அவரைப் பைத்தியம் என்றார்கள். செத்தவர்கள் பெயரில் வைக்கிற கல்லில் மீன்கூடையை வைப்பார்களா, இது அவமானம் இல்லையா என்று கேட்டார்கள். ஒரு பழைய சிநேகிதர் உறவையே முறித்துக்கொண்டார். ஒவ்வொரு தரம் வரும்போதும் அந்தச் சண்டை எந்த மட்டில் இருக்கிறது என்று என்னிடம் சொல்வார். ஒரே பதிலைத்தான் எல்லோருக்கும் சொன்னாராம்: "என் தங்கை அங்கே மூட்டையோடு நின்றாள். அந்த இடத்தில் இனி யாரும் அப்படி நிற்கக் கூடாது." அத்தனை வயதில், அத்தனை பேரை எதிர்த்து, அவர் அதைச் சாதித்தார். என் வாழ்க்கையில் பெரிய மனிதர் என்று நான் நினைக்கிறவர்களை எண்ண ஒரு கை போதும். அதில் உன் தாத்தாவும் அவரும் உண்டு.

கடைசித் தடவை வந்தபோதுதான் அந்தப் படத்தைக் கொடுத்தார். இரண்டு தூண் கல், மேலே ஒரு பலகைக் கல், நம்முடையதைவிட அகலம், நல்ல இழைப்பு. "இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களுக்காக. உன் சுமையை இறக்கி வை" என்று அவர்கள் பாஷையிலும் கிரேக்கத்திலும் வெட்டியிருக்கிறதாம். மேலே யாரோ ஒரு மீனவனின் கூடை. அந்த மீனவன் யார், எந்த மதம், ஒன்றும் அவருக்குத் தெரியாது. "தினமும் யாராவது எங்கள் ஆட்களைத் தொடுகிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார் என்று கம்பெனிக்குச் சேதி வந்தது. பிள்ளை குட்டி கிடையாது. கல்யாணமே செய்துகொள்ளவில்லை அவர்.

உன்னை நான் வளர்த்த விதம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஏலகிரிக்கு டூர் போனபோது அனுப்பவில்லை. பாலாற்றில் வெள்ளம் வந்தால் வேடிக்கை பார்க்கக்கூட விடவில்லை. சைக்கிள் பழகும்போது தெருக்கோடி வரை சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன், உன் தோஸ்துகள் சிரித்தார்கள். கண்டிப்பான அப்பா என்று நினைத்துக்கொண்டாய். கண்டிப்பும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, பயம். அன்றைக்குத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவனை இன்னும் இறக்கவே இல்லை நான். இத்தாலி என்றதும் அந்தப் பயம்தான் பேசவிடாமல் செய்தது. அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்தப் பெரியவர் தன் ஜனங்கள் மொத்தப் பேரையும் பறிகொடுத்தவர். அவரே முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கூடை வைக்க இடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில்தான் உன்னிடம், "எப்பப்பா கெளம்பணும்?" என்று கேட்டேன்.

அதனால் அந்தத் தீவுக்குப் போ. பூ வாங்காதே, கும்பிடாதே. நம்மால் ஒரு அம்மன் உண்டானது போதும். அத்தை கட்டிக்கொடுத்த இந்தப் பெட்டியைத் துறைமுகம் வரை தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லின் மேல் வை. தோள் வலி போகும்வரை பக்கத்தில் நில். வேறு யாராவது சுமையோடு வந்தால் உன்னுடையதை எடுத்துவிட்டு இடம் கொடு. அங்கே மட்டும் இல்லை, எங்கே இருந்தாலும், பாரமாக இருந்தால் பாரமாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லு. உன் அப்பன் மாதிரி ஜன்னலுக்கு மறுபக்கம் திரும்பிக்கொண்டு போகாதே.

நாளைக்கு உன்னை ரயில் ஏற்றிவிட்டு நான் நேரே வீட்டுக்குத் திரும்ப மாட்டேன், அத்தையிடம் சொல்லிவிட்டேன். வாணியம்பாடிக்குப் போய் ஆலங்காயம் பஸ் பிடிப்பேன், அந்த இடத்தில் இறங்கிக்கொள்வேன். விறகுக்காரிக்கு வைத்துக் கொடுத்தேனே தவிர, எனக்கென்று அந்தக் கல்லில் நான் எதையும் வைத்ததில்லை. நாளைக்கும் கையில் ஒன்றும் இருக்காது. இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, உன் அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரப் போகிறேன்.

"புள்ளய எறக்கிட்டேன்."

உன் அப்பா